முழங்காலுக்கு நாலரை செகண்ட்

பனிச்சறுக்குப் பந்தயத்தில், அதுவும் உடம்பில் ஏதாவது ஒன்று போனவர்களின் பந்தயத்தில், முதலில் கீழே வந்தவர்தான் ஜெயித்தவர் என்று நினைக்கிறவர் இன்னும் ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம். கடிகாரம் ஒரு நேரம் காட்டும். அதை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். முழங்காலுக்குக் கீழே போனவருக்கு ஓர் எண், முழங்காலோடு போனவருக்கு வேறு எண், கை போனவருக்கு இன்னொன்று. எவ்வளவு போயிருக்கிறதோ அந்த அளவுக்கு எண் சின்னதாகும். பெருக்கி வருவதுதான் கணக்கு. மலையில் இறங்கி வந்த நேரத்தை வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்த ஆட்களின் சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தால், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் "உனக்கு எத்தனை?" என்பார்கள். பூஜ்யத்தையும் புள்ளியையும் விழுங்கிவிட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்று என்று பதில் வரும். டெஸ்ஸா கோரிகன் தொண்ணூற்றெட்டு. அவள் வலது கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிந்திருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில், பெரிடேல் பக்கத்து ஆட்டுப் பண்ணையில், வேலிக்காலுக்குக் குழி தோண்டும் இயந்திரத்தில் அவள் பாவாடை சுற்றிக்கொண்டது. டிராக்டரில் இருந்தது அவள் அப்பா. அந்த இயந்திரத்தை அவர் மறுநாளே விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் ஒரு வேலிகூட நேராக நிற்கவில்லை, எல்லாக் குழியையும் அவர் கடப்பாரையால்தான் தோண்டினார்.

தொண்ணூற்றெட்டு என்பது சாபம் பிடித்த எண். கிட்டத்தட்ட ஒன்று. உனக்குப் பெரிதாக ஒன்றும் போகவில்லை, போய் வேலையைப் பார் என்று சொல்வது மாதிரி. இரண்டு காலிலும் சறுக்குப் பலகை மாட்டி, செயற்கைக் கால் உதற உதற, உயிரைக் கையில் பிடித்து இறங்கி, எல்லாரையும்விட ஒரு செகண்ட் முன்னால் கோட்டைத் தொடுவாள். பிறகு முடிவு காட்டும் பலகையில் பெயர்கள் மேலும் கீழும் நகரும். ஒற்றைக் காலில், ஒற்றைப் பலகையில், நுனியில் குட்டிப் பலகை வைத்த ஊன்றுகோல்களோடு இறங்கி வந்த பெண்கள் அவளைத் தாண்டி மேலே போவார்கள். டெஸ்ஸா ஐந்தாவது. டெஸ்ஸா ஆறாவது. எட்டு வருஷமாக இதே கூத்து.

ஓட்டத்தில் இந்தத் தில்லுமுல்லு கிடையாது. அதனால்தான் அவளுக்கு ஓட்டம் பிடித்தது. ஜிண்டபைன் ஏரிக்கரையில், காலை ஒன்பது மணிக்கு, லோர்னா பிக்கெட்டின் பேக்கரியில் முதல் ஈடு ரொட்டி விற்றுத் தீர்ந்ததும் இருவரும் கிளம்புவார்கள். லோர்னாவுக்கு இரண்டு காலும் உண்டு, நாற்பத்து நாலு வயது, வாய் மட்டும் பதினெட்டு வயது. டெஸ்ஸா வளைந்த கார்பன் காலை மாட்டிக்கொண்டு ஓடுவாள். பத்து, பதினைந்து கிலோமீட்டர், ஞாயிறு என்றால் முப்பது. கேன்பரா மாரத்தானை மூன்று மணி இருபத்தொரு நிமிஷத்தில் முடித்தாள். அது மூன்று மணி இருபத்தொரு நிமிஷம்தான். யாரும் எதாலும் பெருக்கவில்லை.

ஆனால் அதனால் ஆனது ஒன்றும் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பெரிய போட்டியில் கால் போனவர்களுக்குக் குறுகிய ஓட்டங்களோடு சரி, நெடுந்தூரமே கிடையாது. ஊர்ப் பந்தயங்களில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம், முன்பின் தெரியாத பெண்கள் கட்டிப்பிடித்து அழுத அழுகைதான்.

"இன்னைக்கு எத்தனை பேர் உன்னைப் பாத்து வாழ்க்கையைப் புரிஞ்சுக்கிட்டாங்க?" என்று லோர்னா கேட்பாள்.

"மூணு பேர். அதுல ஒருத்தி என் மேல மூக்கைச் சிந்திட்டா."

"எனக்கு ஒருத்தனும் அழ மாட்டேங்கிறான்டி. நானும் மூச்சு வாங்கித்தான் ஓடுறேன்."

இப்படித்தான் இருந்தது, அந்த ஜூன் வரை.

ஜூனில், வலது காலில் மிஞ்சியிருந்த பகுதி வீங்கியது. முதலில் செயற்கைக் கால் உராய்வு என்று நினைத்தாள். பிறகு காய்ச்சல். ஜூலை பிறந்ததும் சிட்னியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்புக்குள் சீழ். டாக்டர் பிலிங்கர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காதவர். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு டெஸ்ஸா. ஒண்ணு, கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்து, மருந்து வச்சு, கொஞ்சம் கொஞ்சமா சரி பண்றது. மூணு ஆபரேஷன், நாலுகூட ஆகலாம். ஒன்றரை வருஷம் பலகை பக்கம் போக முடியாது. ஆனா முழங்கால் நிக்கும். பத்து பேர்ல ஆறு பேருக்கு நிக்குது."

"இன்னொண்ணு?"

"முழங்காலுக்கு மேல எடுத்துடறது. ஒரே ஆபரேஷன். நாலு மாசத்துல எழுந்துடுவீங்க. ஆனா எடுத்தா எடுத்ததுதான். உங்க வயசுக்கு, உங்க ஓட்டத்துக்கு, நான் முதல் வழியைத்தான் சொல்வேன். முடிவு உங்களோடது. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அன்றைக்குப் புதன். பெரிய போட்டிக்கு இரண்டு வருஷமும் எட்டு மாதமும் இருந்தன. ஒன்றரை வருஷம் படுத்தால், எஞ்சுவது ஒரு குளிர்காலம். முப்பத்தொரு வயதில் ஒரு குளிர்காலத்தில் எழுந்து வந்து தொண்ணூற்றெட்டை வைத்துக்கொண்டு யாரை ஜெயிப்பது?

வியாழன் மதியம் கார்த் வந்தான். கார்த் ஹென்லி, பயிற்சியாளன், அவளுடைய பதினோரு வயதிலிருந்து அவளை மலையிலிருந்து இறக்கியவன். ஐம்பத்தெட்டு வயது, முகமெல்லாம் வெயிலும் பனியும் தின்ற தோல். இறைச்சிப் பணியாரம் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை அவனே தின்றான்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"யோசிச்சுட்டு இருக்கார். நாளைக்குத் தெரியும் கோச்," என்று சொல்லி வைத்தாள். இரண்டு வழி என்று ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

"எதுவா இருந்தாலும் உடம்பு உன்னுது. பந்தயத்தைப் பத்தி நான் இங்க வாயே தொறக்க மாட்டேன்," என்றான். திறக்கவும் இல்லை. பண்ணையில் மழை பெய்ததைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டான்.

அவன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. போனில் அவனிடமிருந்து ஓர் அட்டவணை வந்தது. அந்த வருஷத்து எண்கள். கீழே ஒரு வரி: "பாத்து வை. அடுத்த ரெண்டு வருஷம் இதுதான் முக்கியம்."

டெஸ்ஸா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். மனுஷன் வாயைத் திறக்காமல் சொல்லிவிட்டான் என்று நினைத்தாள். எப்படியோ டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான், முகத்துக்கு நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை, அட்டவணையை அனுப்பிவிட்டான். அவள் விரல் தானாக இரண்டு வரிகளைத் தேடிப் போனது. முழங்கால் இருப்பவர், இரண்டு பலகை: தொண்ணூற்றெட்டு. முழங்கால் இல்லாதவர், ஒற்றைப் பலகை: தொண்ணூற்றொன்று.

அறுபத்தைந்து செகண்ட் மலை. ஏழு சதவீதம். ஒரு சுற்றுக்கு நாலரை செகண்ட்.

இந்தக் கணக்கை வெளியாள் யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும், பல் துலக்கும்போதாவது ஒரு நாள் இதைப் போட்டுப் பார்த்தவர்கள்தான். நூறில் ஒரு பங்கு செகண்டுக்காகப் புருவத்தை மழித்தவர்கள் அதில் உண்டு. நாலரை செகண்ட் என்றால் அது ஒரு யுகம். டெஸ்ஸா சின்ன வயதில் ஆறு வருஷம் ஒற்றைப் பலகையில்தான் இறங்கினாள், நல்ல செயற்கைக் கால் கிடைக்கும் வரை. அந்தச் சமநிலை உடம்பை விட்டுப் போகவில்லை. ஒற்றைப் பலகையில் அவள் இரண்டு செகண்ட் மெதுவாக வந்தாலும், மிச்சம் இரண்டரை.

ஓட்டம் நினைவுக்கு வராமலா இருக்கும்? வந்தது. ஏரிக்கரை வந்தது, லோர்னாவின் மூச்சு வந்தது. யாரும் எண்ணாத ஓட்டம்தானே என்று அதை ஒதுக்கினாள். அப்படி ஒதுக்க முடிந்ததைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரிடம் இரண்டாவது வழி என்றாள். அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னாள். பிறகு எல்லாருக்கும் போன் போட்டு, வேறு வழியே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். வேறு டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாமா என்று கார்த் கேட்டான். அவன் நடிக்கிறான் என்று டெஸ்ஸா நினைத்துக்கொண்டாள். லோர்னா அசிங்கமான வார்த்தைகளாக ஒரு நிமிஷம் திட்டினாள், கடவுளை, சீழை, சிட்னியை. ஆபரேஷன் முடிந்ததும் அப்பா நேரில் வந்தார். கட்டிலின் அடிப்பக்கம் நின்று, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நான் ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா," என்றார்.

"அதெல்லாம் விடுங்கப்பா," என்றாள்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லாம் நினைத்தபடி நடந்தது. அடுத்த குளிர்காலம் ஒற்றைப் பலகையில் விழுந்து எழுந்தாள். அதற்கடுத்த ஜனவரியில் வடக்கே, பனி பெய்யும் நாடுகளுக்குப் போய், பெயர் கேட்டாலே நடுங்க வேண்டிய மலைகளில் இரண்டு முறை இரண்டாவதாக வந்தாள், ஒரு முறை முதலாவது. பத்திரிகைகளில் படம். "உனக்கு எத்தனை?" என்று கேட்டவர்களிடம் "தொண்ணூத்தொண்ணு" என்று சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு. ஏரிக்கரைக்கும் ஒரு நாள் போனாள். மடங்கும் முழங்கால் வைத்த ஓட்டக் காலை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, இடுப்பை வீசி வீசி ஓடிப் பார்த்தாள். இரண்டு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது, மூன்று முறை விழுந்தாள். அப்படி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், வருஷக்கணக்கில் பழகி ஓடுகிறார்கள். அவளுக்கு அந்த வருஷங்கள் இல்லை. லோர்னா அவளைத் தூக்கிவிட்டு, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "சரி விடு, இனிமே நான் ஓடுறேன், நீ கார்ல உக்காந்து என்னைத் திட்டு," என்றாள்.

பெரிய போட்டிக்கு முந்தைய ஜூலையில் புது அட்டவணை வந்தது.

எண்களைப் போடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கடந்த வருஷங்களின் நேரங்களை எல்லாம் அடுக்கிப் பார்த்து, ஒற்றைப் பலகைப் பெண்கள் அளவுக்கு மீறி ஜெயிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அதில் டெஸ்ஸா ஜெயித்ததும் சேர்த்தி. நியாயமாகத் திருத்தினார்கள். ஒற்றைப் பலகை, தொண்ணூற்று நாலு. இரண்டு பலகை, தொண்ணூற்றாறு. நாலரை செகண்ட் கிடந்த இடத்தில் ஒரு செகண்டும் கொசுறும் கிடந்தது. கொடுத்த முழங்காலை இனி யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச்சில் போட்டி நடந்தது. அவள் அன்று இறங்கியதைக் குறை சொல்ல ஆளில்லை. இரண்டு சுற்றும் சுத்தம். பெருக்கி வந்தபோது நாலாவது. மேலே இருந்த மூன்று பேரும் இரண்டு பலகைப் பெண்கள். மூன்றாவது வந்தவள் லீவியா என்ற சுவிஸ்காரி. டெஸ்ஸா இரண்டு பலகையில் இறங்கிய எட்டு வருஷத்தில் அவள் ஒரு முறைகூட டெஸ்ஸாவை முந்தியதில்லை. மூச்சு இரைக்க இரைக்க, பனியில் உட்கார்ந்தபடியே, டெஸ்ஸா பழைய எண்ணால் எல்லாரையும் பெருக்கிப் பார்த்தாள். பழைய எண்ணில் அவள்தான் முதல்.

பலகைகளுக்கு மெழுகு தேய்க்கும் கொட்டகையில் கார்த் தனியாக இருந்தான். டெஸ்ஸா ஊன்றுகோலைத் தரையில் எறிந்தாள்.

"பிரமாதமா இறங்கினே," என்றான் கார்த். "நாலாவதுங்கிறது..."

"உன் அட்டவணையை நம்பித்தானே வெட்டிக்கிட்டேன்."

இருபது வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. கார்த் மெழுகுக் கட்டியைக் கீழே வைத்தான்.

"எந்த அட்டவணை?"

"ஆஸ்பத்திரியில இருந்தப்போ அனுப்பினியே. அடுத்த ரெண்டு வருஷம் இதுதான் முக்கியம்னு. ஞாபகம் இல்லாத மாதிரி நிக்காதே."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்தான். பழைய செய்திகளைத் தேடினான். பிறகு அவளிடம் நீட்டினான். அன்று, அதே நிமிஷத்தில், அதே வரியோடு, அதே அட்டவணை பதினோரு பேருக்குப் போயிருந்தது. கண் தெரியாத பையனுக்கு முன்னால் இறங்கும் வழிகாட்டிக்குப் போயிருந்தது. பலகை பழுது பார்க்கிறவனுக்கும் போயிருந்தது.

"ஜூலை வந்தா எல்லாருக்கும் அனுப்புவேன். வருஷா வருஷம். உன் காலை நெனச்சு அனுப்பல டெஸ்ஸா. வேற வழியே இல்லைனு டாக்டர் சொன்னதா நீதானே..." பாதியில் நிறுத்தினான். கணக்கில் அவனும் தேர்ந்தவன்தான், மீதியை அவனே போட்டுக்கொண்டான். "ஐயோ," என்றான் மெதுவாக. "வழி இருந்துதா?"

டெஸ்ஸா போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு வருஷமும் எட்டு மாதமும், மனசுக்குள் பாதிப் பழியை இவன் தலையில் இறக்கி வைத்துத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதையும் அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவளுக்குச் சொல்ல முடியாத ஆத்திரம் வந்தது, அந்த அப்பாவி மனுஷன் மேல்.

ஏப்ரலில் லோர்னா கேன்பரா மாரத்தான் ஓடினாள். டெஸ்ஸாதான் காரில் அழைத்துப் போனாள். வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினாள். கார்த்துக்குத் தெரிந்துவிட்டது, இனி எவ்வளவு நாள் மறைக்க முடியும்? அதுவும் இல்லாமல், லோர்னாவிடம் பொய் சொல்லிப் பொய் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், காலை வெயிலில், லோர்னா காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து பனியனில் எண் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"லோர்னா, முழங்காலைக் காப்பாத்த முடியாதுன்னு டாக்டர் சொல்லல."

லோர்னாவின் கை ஊக்கோடு நின்றது. "பின்ன என்ன சொன்னாரு?"

"ஒன்றரை வருஷம் ஆகும்னாரு. பத்துக்கு ஆறு தேறும்னாரு. நான்தான் வேண்டாம்னேன்."

லோர்னா ஏன் என்று கேட்கவில்லை. இவ்வளவு வருஷம் பக்கத்தில் ஓடியவளுக்கு இந்தத் தொழில் தெரியும்.

"எத்தனை செகண்டுக்கு?" என்றாள்.

"நாலரை."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மனுஷன் செவ்வாய்க்கிழமை தவறாம கடைக்கு வர்றாருடி. ஒரு பன்னை வாங்கி வச்சுக்கிட்டு, என்னாலதான் என்னாலதான்னு உக்காந்திருக்காரு. மொதல்ல போனது மட்டும் இல்ல, ரெண்டாவது போனதும் அவராலதானாம். நான் காப்பி ஊத்திக் குடுத்து, அப்படி எல்லாம் இல்ல பெரியவரேன்னு தேத்திக்கிட்டு இருக்கேன். கிட்டத்தட்ட மூணு வருஷமா. நான் சொல்ல வேண்டிய பேச்சா அது?"

டெஸ்ஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லு. இன்னைக்கே சொல்லு. சொல்ற வரைக்கும் என் கண் முன்னால வராதே. வீட்டுக்கு நான் பஸ்ல போய்க்கிறேன்." லோர்னா கடைசி ஊக்கைக் குத்தி, கார் கதவைச் சாத்திவிட்டு, கூட்டத்துக்குள் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

துப்பாக்கி வெடித்தது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு டெஸ்ஸா நின்றாள். ஆயிரக்கணக்கான முழங்கால்கள் மடங்கி நிமிர்ந்து போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் எவ்வளவு சாதாரணமாக, தான் இருப்பதே தெரியாமல் மடங்குகிறது என்று பார்த்தாள். கடைசி ஆள் போய், சாலையில் காலிக் குவளைகள் மட்டும் உருள ஆரம்பித்ததும், போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, லோர்னா ஓட ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சுப்பா. அப்பா, ஒரு விஷயம் சொல்லணும். அந்த ரெண்டாவது ஆபரேஷன்..."

"எனக்குத் தெரியும்மா," என்றார் அவர் அவசரமாக. "இன்னைக்கு அங்க நின்னு பாக்கும்போது உனக்கு எப்படி இருக்கும்னு காலையில இருந்து அதையேதான் நெனச்சுட்டு இருக்கேன். நீயும் ஓடியிருக்க வேண்டியவ. எல்லாம் என்னாலதான்."

அவர் குரல் உடைந்தது. எழுபத்து மூன்று வயதுக் குரல். மறுத்துச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. வாய்வரை வந்தும்விட்டது. அதைச் சொன்னால், அவர் இனி அவளை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்பதும் கூடவே வந்தது.

"அதெல்லாம் விடுங்கப்பா," என்றாள் டெஸ்ஸா. பிறகு, பண்ணையில் மழை பெய்ததா என்று கேட்டாள்.